உணர்ச்சிவசப்படாதீர்கள்!

நம் வீடுகளில் வாக்குவாதத்தை முடித்து வைப்பதற்கென்றே ஒரு சொல் உண்டு: "உணர்ச்சிவசப்படாதே!" அப்பா மகளிடம் சொல்வார். கணவர் மனைவியிடம் சொல்வார். அண்ணன் தம்பியிடம் சொல்வான். கவனித்துப் பாருங்கள், இந்தச் சொல் எதிர்த்திசையில் அதிகம் போவதில்லை. அப்பா கோபத்தில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தால், 'அப்பா டென்ஷனாக இருக்கிறார், யாரும் பேசாதீர்கள்' என்று வீடே அடங்கிவிடும். மகள் அழுதால் 'எதற்கெடுத்தாலும் அழுகை' என்பார்கள். இருவருக்கும் வந்தது உணர்ச்சிதான். ஒருவருடையதற்கு வீடு வளைந்து கொடுக்கிறது. இன்னொருவருடையதை வீடு திருத்தப் பார்க்கிறது.

நாட்டிலும் வழக்கம் இதுதான். இந்த வாரம் அதைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்குச் சங்கடமாக இருக்கும். தன்பாலீர்ப்பு கொண்டவர்களும் திருநங்கையரும் திருநம்பியரும் இந்த நாட்டில் தங்கள் உரிமையைக் கேட்கும்போது உணர்ச்சிகள் என்ன வேலை செய்கின்றன என்பதே அந்த விஷயம். சங்கடப்படுகிறவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். உங்கள் சங்கடத்துக்கும் இந்தக் கட்டுரையில் இடம் இருக்கிறது.

நமக்குத் தெரிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை

முதலில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நாளுக்குப் போய் வருவோம். 2007 நவம்பர் 25. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், தீபாவளி நெருங்கிய நேரத்தில், ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் ஒரு மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டிருந்தது. ஹிண்ட்ராஃப் விடுத்த அழைப்பை ஏற்று ஆயிரக்கணக்கான இந்தியர்கள் கோலாலம்பூரில் திரண்டார்கள். கண்ணீர்ப் புகை வீசப்பட்டது. தண்ணீர் பீய்ச்சியடிக்கப்பட்டது. டிசம்பர் 13-ஆம் தேதி ஐந்து தலைவர்கள் இசா சட்டத்தின் கீழ் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டார்கள்.

அன்று திரண்டவர்களைப் பற்றி என்னவெல்லாம் பேசினார்கள் என்பது நினைவிருக்கிறதா? உணர்ச்சி வேகத்தில் வந்துவிட்டார்கள், யாரோ தூண்டிவிட்டார்கள், மனுக் கொடுத்திருக்கலாமே, உட்கார்ந்து பேசியிருக்கலாமே என்றார்கள். மனுக் கொடுத்தும் உட்கார்ந்து பேசியும் பல வருடங்கள் ஓடியிருந்தன என்பது வந்தவர்களுக்குத் தெரியும். தோட்டத்தை விட்டு வெளியேறிய வலி ஒரு வீட்டில், கோயில் இடிந்த வேதனை ஒரு வீட்டில், பிள்ளைக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைக்காத ஆத்திரம் இன்னொரு வீட்டில் எனத் தனித்தனியாகக் கிடந்தவை அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே தெருவில் சந்தித்துக்கொண்டன. 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. சிலாங்கூர், பேராக், பினாங்கு, கெடா ஆகிய மாநிலங்கள் கைமாறின. அதற்குக் காரணங்கள் பல. இந்திய வாக்காளர்களின் மனமாற்றமும் அவற்றில் ஒன்று.

உணர்ச்சி என்பது ஜனநாயகத்துக்கு வெளியே நிற்கும் கலகக்காரன் என்று நமக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். நம் அனுபவம் வேறு. வாக்குச் சாவடி வரை நம்மைக் கூட்டிக்கொண்டு போனதே அதுதான். இந்த அனுபவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கதையைக் கேளுங்கள்.

அம்பிகா திறந்து வைக்கவிருந்த விழா

2011 ஜூலை 9. நேர்மையான தேர்தல் வேண்டும் என்று பெர்சே 2.0 பேரணி நடந்தது. 1,600-க்கும் மேற்பட்டோர் அன்று கைது செய்யப்பட்டனர். பேரணிக்குத் தலைமை ஏற்றவர், வழக்கறிஞர் மன்றத்தின் முன்னாள் தலைவர் டத்தோ அம்பிகா சீனிவாசன். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டும் பெண். அந்த ஆண்டு பல தமிழ் வீடுகளில் பெருமையோடு உச்சரிக்கப்பட்ட பெயர்.

நான்கே மாதங்களில் அதே பெயர் வேறு ஒரு செய்தியில் வந்தது. 2008 முதல் கோலாலம்பூரில் 'செக்சுவாலிட்டி மெர்டேக்கா' என்ற விழா ஆண்டுதோறும் நடந்து வந்தது. சென்ட்ரல் மார்க்கெட்டை ஒட்டிய ஒரு கலைக்கூடத்தில் கலந்துரையாடல், நாடகம், பயிலரங்கு, இசை என்று நடக்கும். பால்புதுமையர் தங்களைப் பற்றித் தாங்களே பேசிக்கொள்ளும் இடம். முதல் சில ஆண்டுகள் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2011-இல் விழாவைத் திறந்து வைக்க அம்பிகாவை அழைத்திருந்தார்கள். அவரும் ஒப்புக்கொண்டார்.

அந்த ஆண்டு விழாவின் கருப்பொருளை ஒரு வரியில் சொன்னால், அச்சமின்றி வாழ்வது. நவம்பர் 3-ஆம் தேதி காவல்துறை விழாவைத் தடை செய்தது. பொது ஒழுங்கு கெடும் என்பது காரணம். பல அமைப்புகள் ஆத்திரம் அடைந்திருக்கின்றன, புகார்கள் குவிந்திருக்கின்றன, பதற்றம் உண்டாகும் என்றார்கள். ஏற்பாட்டாளர்களும் அம்பிகாவும் விசாரணைக்கு அழைக்கப்பட்டனர். தடையை எதிர்த்து நீதிமன்றம் போனபோது, மறுஆண்டு உயர் நீதிமன்றம் அந்த மனுவை ஏற்கவில்லை. விழா அதோடு நின்றது.

இங்கே நாட்டில் மோதிக்கொண்டவை இரண்டு உணர்ச்சிகள். ஒரு பக்கம் அச்சத்தோடு வாழ்கிறவர்கள், அச்சமின்றிக் கொஞ்ச நேரம் கூடி உட்கார இடம் கேட்டார்கள். இன்னொரு பக்கம் அதைக் கேள்விப்பட்டு ஆத்திரமடைந்தவர்கள். முன்னவர்களின் அச்சம் அவர்களுடைய சொந்தப் பிரச்சினை ஆனது. பின்னவர்களின் ஆத்திரத்துக்குப் 'பொது ஒழுங்கு' என்று பெயர் கிடைத்தது. அப்பாவின் கோபத்துக்கு வீடு அடங்குகிற மாதிரி சட்டம் அதற்கு அடங்கியது.

தொல்காப்பியர் பட்டியல்

உணர்ச்சிகளைப் பற்றித் தமிழுக்கு யாரும் புதிதாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது. அச்சம், அழுகை, வெகுளி, இளிவரல், பெருமிதம், மருட்கை, நகை, உவகை என எட்டு. மெய்ப்பாடு என்ற சொல்லையே பாருங்கள். மெய்யில், அதாவது உடம்பில் தோன்றுவது. உள்ளே ஒளித்து வைத்திருப்பது மெய்ப்பாடு ஆகாது. அடுத்தவர் கண்ணுக்குத் தெரிந்தால்தான் அது மெய்ப்பாடு.

ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்பதற்கும் தொல்காப்பியர் நான்கு நான்கு காரணம் சொல்கிறார். அச்சம் பிறக்கும் இடங்கள்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய்க்கும் புலிக்கும் திருடனுக்கும் அடுத்து, நம்மை ஆள்பவர். 'இறை' என்ற சொல் அரசனை மட்டும் குறிப்பதில்லை. நமக்கு மேலே இருக்கும் யாரையும் குறிக்கலாம். பிரிக்பீல்ட்ஸில் வாடகை அறையில் தங்கி வேலைக்குப் போகும் தன்பாலீர்ப்பு கொண்ட ஓர் இளைஞனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் யாருக்கு அஞ்சுகிறான்? காவல்துறைக்கு, மேலாளருக்கு, வீட்டு உரிமையாளருக்கு, ஊரில் இருக்கும் அப்பாவுக்கு. எல்லாரும் 'இறை'தான்.

அவன் காவல்துறைக்கு அஞ்சுவதில் சட்டபூர்வமான காரணமும் உண்டு. குற்றவியல் சட்டம் 377ஏ, 377பி பிரிவுகள், வயது வந்த இருவர் மனமொத்து ஈடுபட்ட உறவானாலும், 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்க இடம் கொடுக்கின்றன. இயற்கை ஒழுங்குக்கு மாறானது என்பது அந்தச் சட்டத்தின் மொழி. 'நம் பண்பாட்டைக் காக்கும் சட்டம்' என்று இதைச் சொல்பவர்கள் அதன் பிறப்புச் சான்றிதழைப் பார்க்க வேண்டும். 1860-இல் ஆங்கிலேயர் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவே கப்பலேறி மலாயா வந்தது. எண்கூட மாறவில்லை. மனமொத்த உறவுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-இல் தீர்ப்பளித்துவிட்டது. இங்கே அது அப்படியே இருக்கிறது.

1987-ஐ நினைத்துப் பாருங்கள். ஓப்பராசி லாலாங் நடந்த ஆண்டு. நாடே அச்சத்தில் இருந்தது. அதே ஆண்டில்தான் கோலாலம்பூரில் சிலர் 'பிங்க் டிரையாங்கிள்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். எய்ட்ஸ் பற்றியும் பாலியல் பற்றியும் யாரிடமும் கேட்க முடியாதவர்கள் தொலைபேசியில் பேசலாம். முகம் தெரியாது, பேர் சொல்ல வேண்டாம். இன்று அது பிடி அறவாரியம். அதன் தொடக்கத்தில் கொடியும் இல்லை, கோஷமும் இல்லை. அச்சத்தில் இருந்தவர் பேச, இன்னொருவர் கேட்டார். அரசியல் அங்கிருந்தும் தொடங்கலாம்.

இளிவரல் எங்கே பாய்கிறது

எட்டில் மிகவும் சிக்கலானது இளிவரல். பிறரைப் பார்த்து வந்தால் அருவருப்பு. நம்மையே பார்த்து வந்தால் அவமானம். ஒரே உணர்ச்சி, இரு பக்கமும் பாயும். எல்லாரும் தன்னை அருவருப்போடு பார்க்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளை, கொஞ்ச நாளில் தன்னைத் தானே அப்படிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு அதை வாயடைக்கச் சட்டமே தேவையில்லை.

நகையும் இந்த வேலைக்கு உதவும். நம் கலைநிகழ்ச்சி மேடைகளில் ஓர் ஆண் சேலை கட்டி, குரலை இழுத்துப் பேசினால் சிரிப்புக்கு உத்தரவாதம். சினிமாவில் நாற்பது ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய சிரிப்பு. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் தீபாவளிச் சந்தைக் கூட்டத்தில் ஒரு திருநங்கை நடந்து போகும்போது பின்னால் எழுகிற சிரிப்பும் அதே பயிற்சியில் வந்ததுதான். மணப்பெண் அலங்காரத்துக்கு அவரைக் கூப்பிடுவோம். கோயில் திருவிழாவில் அவர் ஆசீர்வாதத்தையும் வாங்கிக்கொள்வோம். வீட்டு வரவேற்பறையில் உட்காரச் சொல்ல மட்டும் கை வராது.

அவமானத்தை நீதிமன்றத்துக்குள் கொண்டுபோன ஒரு வழக்கு நம் நாட்டிலேயே நடந்தது. நெகிரி செம்பிலானில் மூன்று முஸ்லிம் திருநங்கையர். மணப்பெண் அலங்காரத் தொழிலில் இருந்தவர்கள். ஆண் பெண்ணுடை உடுத்தினால் 1,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிற ஷரியா சட்டத்தின் 66-ஆவது பிரிவை எதிர்த்தார்கள். 2014 நவம்பர் 7-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. நீதிபதி முகமட் ஹிஷாமுடின் யூனுஸ் எழுதிய தீர்ப்பு வெறும் பிரிவு எண்களோடு நிற்கவில்லை. இந்தச் சட்டம் இருக்கும்வரை இவர்கள் நிச்சயமின்மையிலும் வேதனையிலும் மானமிழந்தும் வாழ நேரும் என்பதையும் சொன்னது. வீட்டை விட்டு வெளியே வரும்போதெல்லாம் கைதாகலாம் என்ற அச்சத்தில் ஒருவர் என்ன தொழில் செய்வார், எப்படிச் சமமான குடிமகள் ஆவார் என்பது சட்டக் கேள்வியாகவே மாறியது.

2015 அக்டோபர் 8-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வழக்கு வந்த வழிமுறை சரியில்லை என்பது காரணம். ஆகவே சட்டம் திரும்ப வந்தது. ஆனால் மூன்று பேருடைய அவமானத்தை இந்நாட்டு நீதிபதிகள் ஒருமுறை ஆதாரமாகவே கேட்டார்கள் என்பது ஏட்டிலிருந்து அழிந்துபோகவில்லை.

அழுகையும் வெகுளியும்

அழுகை பிறக்கும் இடங்கள் என்று தொல்காப்பியர் நான்கைச் சொல்லும்போது, இழப்புக்கும் வறுமைக்கும் முன்னால் முதலாவதாக வைப்பது இளிவு. பிறர் நம்மை இழிவாக நடத்துவது. உயிரிழப்பு அதற்கு அடுத்துத்தான்.

இரண்டும் சேர்ந்து வந்த சம்பவங்கள் நமக்கு மிக அருகில் நடந்திருக்கின்றன. 2017 பிப்ரவரியில் குவாந்தானில் ஓர் இந்தியத் திருநங்கை கொல்லப்பட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு தம்மைக் கடத்தித் தாக்கியவர்கள் மீதான வழக்கில் சாட்சி சொல்லவிருந்தவர். 2018 முடியும் நேரத்தில் கிள்ளானில் இன்னொரு திருநங்கை இளைஞர் கூட்டம் ஒன்றால் அடித்துக் கொல்லப்பட்டார். நாளிதழ்களில் செய்தி வந்தது. சில வீடுகளில் 'ஐயோ பாவம்' என்றார்கள். சில வீடுகளில் 'இவங்களுக்கு இப்படித்தான் ஆகும்' என்றார்கள். அழுவதற்கு ஒருவருக்கு உறவுகள் வேண்டும். உறவுகள் முன்பே கைவிட்டிருந்தால் யார் அழுவது? அதனால்தான் இந்தச் சமூகத்தினர் தங்களுக்குள் ஒருவரையொருவர் அம்மா, மகள் என்று உறவு வைத்துக்கொள்கிறார்கள். அது பேச்சுக்கு வைத்த முறை இல்லை. இறுதிச் சடங்குக்கு வருகிற உறவு அது.

அமெரிக்காவில் எய்ட்ஸ் காலத்தில் இதே நிலை இருந்தது. இறந்தவர்களைக் குடும்பங்கள் ஒளித்தன. நண்பர்கள் ஒவ்வொரு பெயரையும் துணியில் தைத்தார்கள். ஒவ்வொரு துண்டும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு புதைகுழியின் அளவு. 1987 அக்டோபர் 11-ஆம் தேதி வாஷிங்டனில் அப்படி 1,920 துண்டுகளை விரித்து வைத்தார்கள். வீட்டுக்குள் மறைக்கப்பட்ட அழுகை அரசாங்கத்தின் வாசலில் விரிந்தது.

அழுகை ஒரு கட்டத்தில் வெகுளியாகும். வெகுளியைக் கையாள்வதுதான் கடினம். அதற்கு நம்மூர் எடுத்துக்காட்டு ஒன்று. 2023 ஜூலை 21, சிப்பாங்கில் ஓர் இசை விழா. 'தி 1975' என்ற ஆங்கிலேய இசைக்குழுவின் பாடகர் மேட்டி ஹீலி, நம் நாட்டுச் சட்டங்களை மேடையிலேயே திட்டினார். பிறகு சக ஆண் இசைக்கலைஞர் ஒருவரை முத்தமிட்டார். மறுநாள் அரசாங்கம் மீதி விழாவை ரத்து செய்தது. உள்ளூர் கலைஞர்களும் கடைக்காரர்களும் நஷ்டப்பட்டார்கள். ஆறு மாநிலத் தேர்தலுக்கு மூன்று வாரமே இருந்த நேரம். பிரசாரத்துக்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. அவர் மீது மிகவும் கோபப்பட்டவர்களில் இந்நாட்டுப் பால்புதுமையரும் இருந்தார்கள். அவர் விமானம் ஏறிப் போய்விடலாம். அவர்கள் இங்கேயே இருக்க வேண்டும். அவருடைய கோபம் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதற்கான விலையை யார் கொடுப்பது என்று யோசிக்காத கோபம் அது.

2019 மார்ச் 9-ஆம் தேதி கோலாலம்பூரில் நடந்த மகளிர் பேரணியை இதற்குப் பக்கத்தில் வையுங்கள். 1,800 ரிங்கிட் குறைந்தபட்ச ஊதியம் வேண்டும், குழந்தைத் திருமணத்தைத் தடை செய்ய வேண்டும் என்பவற்றோடு, பாலினத்தின் பெயராலும் பாலின ஈர்ப்பின் பெயராலும் நடக்கும் வன்முறை ஒழிய வேண்டும் என்பதும் கோரிக்கை. வானவில் கொடியோடு சிலர் நடந்தார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே வரி கட்டி, அடுத்த நாள் இங்கேயே வேலைக்குப் போக வேண்டியவர்களின் கோபம் அது. அன்றைய சமய விவகார அமைச்சர் முஜாஹிட் யூசோப் ராவா, அவர்கள் ஜனநாயக வெளியைத் தவறாகப் பயன்படுத்திவிட்டதாகச் சொன்னார். ஏற்பாட்டாளர்கள் மீது காவல்துறை விசாரணை வந்தது. ஜனநாயக வெளியில் நடந்து போவதே அதைத் தவறாகப் பயன்படுத்துவது என்றால், சரியாகப் பயன்படுத்துவது எப்படி?

இதயத்தால் எழுத நினைத்த நீதிபதி

இந்த இடத்தில் வாசகர் ஒருவர் கேட்கலாம்: "சரி, எனக்கும் உணர்ச்சி உண்டே. என் பிள்ளை அப்படி வந்து நின்றால் எனக்குப் பதறாதா? என் சமயம், என் குலம், என் மானம்?" நியாயமான கேள்வி. அந்தப் பதற்றத்தைக் கேலி செய்பவர்களுக்கு நம் குடும்பங்களைத் தெரியாது.

மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் காதலித்தார்கள். வீட்டார் எதிர்க்க, சென்னைக்கு வந்துவிட்டார்கள். பெற்றோர் மகளைக் காணவில்லை என்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். பாதுகாப்புக் கேட்டு அந்தப் பெண்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2021-இல் வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. பெண்களையும் பெற்றோரையும் ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார். பெற்றோரின் கவலை முக்கியமாக இரண்டு என்று தெரிந்தது. ஊர் என்ன சொல்லும் என்பது ஒன்று. மகள்களின் பாதுகாப்பு இன்னொன்று.

பிறகு நீதிபதி ஒரு காரியம் செய்தார். இந்த விஷயம் தமக்கே இன்னும் முழுதாகப் புரியவில்லை என்று நீதிமன்ற உத்தரவிலேயே எழுதினார். தீர்ப்பின் சொற்கள் தலையிலிருந்து அல்லாமல் இதயத்திலிருந்து வர வேண்டும், அதற்குத் தாம் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். தாமும் அதே உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார். பால்புதுமையர் சமூகத்தினரைச் சந்தித்துப் பேசினார். 2021 ஜூன் 7-ஆம் தேதி அவர் பிறப்பித்த உத்தரவு, பாலின ஈர்ப்பை 'மாற்றுகிறேன்' என்று செய்யப்படும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தது. வயது வந்தவர்கள் தாமாகவே சென்றிருந்தால் 'காணவில்லை' புகாரை முடித்துவிட வேண்டும், அவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று காவல்துறைக்குச் சொன்னது. அதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் காவலர் நடத்தை விதிகளைத் திருத்தியது. இந்த மக்களை மரியாதையாகக் குறிப்பிடும் தமிழ்ச் சொற்களின் பட்டியலையும் வெளியிட்டது. 'பால்புதுமையர்' என்ற சொல் அதில் இருக்கிறது.

அந்த நீதிபதிக்கும் சங்கடம் இருந்திருக்கிறது. அதைச் சட்டமாக்கிவிடாமல், எங்கிருந்து வருகிறது என்று பார்க்க அவர் உட்கார்ந்தார். பெற்றோரின் கவலையை அவர் ஒதுக்கவும் இல்லை. அதைக் கேட்டார், மதித்தார். ஆனால் இரண்டு பெண்களின் உயிரச்சத்துக்கு மேலே அதைத் தூக்கி வைக்கவில்லை. உங்கள் சங்கடம் உங்களுடையது, அதை உணர உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதற்காக இன்னொருவர் ஒளிந்து வாழ வேண்டும் என்று கேட்கும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது.

பெயரை வாசிக்கும் நேரம்

கடைசியாக, எட்டில் ஒன்றான பெருமிதம். பெருமிதம் பிறக்கும் இடங்களில் கல்வி, புகழ், கொடையோடு தொல்காப்பியர் தறுகண் என்பதையும் சேர்க்கிறார். அஞ்சாமை. போர்க்களத்து வீரம் என்று நாம் நினைப்போம். சிலருக்கு வாக்களிக்கப் போவதற்கே அந்தத் தறுகண் தேவைப்படுகிறது.

எப்படி என்று கேட்கிறீர்களா? நம் வாக்களிப்பு முறையை நினைத்துப் பாருங்கள். வகுப்பறைக்குள் நுழைந்து மைகார்டை நீட்டியதும், முதல் அலுவலர் நம் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சத்தமாக வாசிப்பார். உட்கார்ந்திருக்கும் கட்சிப் பிரதிநிதிகள் தங்கள் பட்டியலில் குறித்துக்கொள்வதற்காக. நல்ல நோக்கம்தான், கள்ள ஓட்டைத் தடுக்கும் ஏற்பாடு. ஆனால் சேலையிலோ சுடிதாரிலோ ஒரு திருநங்கை நிற்கிறார். வாசிக்கப்படுவது ஓர் ஆணின் பெயர். எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படை, அதாவது ஆண். அறையில் இருப்பவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். யாரோ ஒருவர் சிரிக்கிறார்.

சட்டப்படி அவருடைய வாக்குரிமைக்கு ஒரு குறையும் இல்லை. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதான எல்லாரும் தானாகவே வாக்காளர்கள். 2022 பொதுத்தேர்தலில் நம் பட்டியலில் 2 கோடியே 10 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். அவர் பெயரும் அதில் உண்டு. ஆனால் 'எதற்கு இந்த அவமானம்' என்று அடுத்த முறை அவர் வீட்டிலேயே இருந்துவிட்டால், அந்த வாக்கை யாரும் திருடவில்லை, யாரும் தடுக்கவில்லை. ஒரு சிரிப்பு மட்டுமே தடுத்தது.

வாக்குச் சாவடி அலுவலர்களில் ஆசிரியர்கள் பலர். கட்சிப் பிரதிநிதிகளாக அங்கே உட்கார்பவர்களில் நம் தாமான் இளைஞர்கள் பலர். வரிசையில் நிற்பவர்கள் நாம்தான். இந்தக் கட்டுரை யாரையும் கொடி பிடிக்கச் சொல்லவில்லை. அடுத்த தேர்தல் நாளில் அந்தப் பெயர் வாசிக்கப்படும்போது, தலை நிமிராமல் பட்டியலில் ஒரு கோடு போட்டுவிட்டு, "அடுத்தவர் வாங்க" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் மை தடவிய விரலோடு வெளியே வந்தால், "சாப்பிட்டீங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டு உங்கள் வாக்கைப் போடப் போங்கள்.